பிலாத்து வகுப்பு

எங்கள் கோயில் மண்டபத்து அறிவிப்புப் பலகையில் அந்தப் பிழையைச் செய்தவர் மரியநாயகம் மாஸ்டர். பங்குச் சபையின் செயலாளர். முப்பது வருடம் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு மன்றாட்டில் யாராவது ஒரு சொல்லைப் பிசகி வாசித்தால், பூசை முடிந்ததும் வாசலில் வைத்துப் பிடித்துக்கொள்வார். அப்படிப்பட்டவருக்கு நான் தொலைபேசியில் சொன்ன ‘பிலாட்டீஸ்’ என்ற உடற்பயிற்சியின் பெயர் எப்படிக் கேட்டதோ தெரியாது. மறுநாள் வெண்கட்டியால் முத்து முத்தாக எழுதியிருந்தார்: பிலாத்து வகுப்பு, செவ்வாய் வியாழன் பி.ப. 4.30, பெண்கள் மட்டும், நடத்துபவர் அனற்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கண்டியை அடுத்த அம்பிட்டியவில் கத்தோலிக்கராகப் பிறந்த எவருக்கும் அந்த ஓசையில் தெரிந்த ஒரே ஆள் போஞ்சு பிலாத்துதான். இயேசுவுக்குத் தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கை கழுவிய அந்த ஆளுநரின் பெயரை ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தில் சொல்கிறோம். அவன் பெயரில் பெண்களுக்கு எதற்கு ஒரு வகுப்பு என்று ஒருவரும் கேட்கவில்லை என்பதுதான் வேடிக்கை. முதல் நாள் பதினொரு பேர் பன்பாயைச் சுருட்டிக்கொண்டு வந்தார்கள். இரண்டாம் மாதம் இருபத்திரண்டு பேர். வயிறு பிடித்து இழுக்கும்போதெல்லாம், “பிலாத்துக்கிட்ட நல்லா மாட்டிக்கிட்டோம்” என்று சிரித்தார்கள்.

நானும் திருத்தவில்லை. சோம்பலால் அல்ல, பயத்தால். பிலாட்டீஸ் என்ற பெயரை வாயில் எடுக்க எனக்கு உரிமை இல்லை என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்தது.

சொன்னவர் மிஸ் ஜெஸ்மின். கண்டி ஏரிக்கு மேலே, மலைச்சரிவில், ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த பிலாட்டீஸ் நிலையம் அவருடையது. கொழும்பில் பிறந்து லண்டனில் படித்தவர். வீட்டில் பழகிய யாழ்ப்பாணத் தமிழை எங்களைப் போன்றவர்களுடன் மட்டும் பேசுவார். ஹோட்டல் முதலாளிகளின் மனைவிமாரும் வெள்ளைக்காரப் பெண்களும் வந்துபோகும் அந்த இடத்தில் நான் ஐந்து வருடம் வேலை செய்தேன். தொலைபேசி எடுப்பது, டவல் மடிப்பது, ரிஃபோர்மர்களைத் துடைப்பது. ரிஃபோர்மர் என்பது கட்டில் மாதிரி ஒரு சட்டம். அதற்குள் சில்லில் ஓடும் ஒரு பலகை, பலகையைப் பிடித்து இழுக்க ஸ்பிரிங்குகள். கப்பலில் வந்த ஆறு ரிஃபோர்மர்கள் அங்கே இருந்தன.

சுவரில் நான்கு படங்கள் ஒன்றன் கீழ் ஒன்றாகத் தொங்கும். மேலே இந்தப் பயிற்சியை உண்டாக்கிய பிலாட்டீஸ் என்ற கிழவர், கறுப்புக் காற்சட்டையுடன். அவருக்குக் கீழே அவரிடம் நேரே படித்த ஒரு மாது. அதற்குக் கீழே அந்த மாதுவிடம் படித்த லண்டன் டீச்சர். கடைசியில் மிஸ் ஜெஸ்மின். “நான் மூன்றாம் தலைமுறை” என்று புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் சொல்வார். எங்கள் ஆயர்கள் அப்போஸ்தலர் வழியில் வருகிறார்கள் அல்லவா, யார் தலையில் யார் கை வைத்தார் என்று கணக்கு வைத்துக்கொண்டு, அதே கதைதான். அந்த வரிசையில் இல்லாதவர் என்ன செய்தாலும் அது வெறும் கைகால் ஆட்டல் என்பது அவர் முடிவு.

நான் டவல் மடித்துக்கொண்டே கேட்டேன், துடைத்துக்கொண்டே பார்த்தேன். வீட்டுக்குப் போய்ப் பன்பாயில் செய்து பார்த்தேன். வருடக்கணக்காக என்னைப் படுத்திய இடுப்பு வலி நாலு மாதத்தில் போய்விட்டது. அந்தச் சந்தோஷத்தில் ஒரு நாள், ஆசிரியர் பயிற்சியில் என்னையும் சேர்க்க முடியுமா என்று கேட்டுவிட்டேன்.

“அனற், இது எல்லாருக்கும் சரிவராது, விளங்குதோ? சின்னனிலயே பலே டான்ஸ் பழகின உடம்பு வேணும். அனற்றமி, எலும்பு தசையெல்லாம், இங்கிலீஷில படிக்கோணும். நீங்கள் டவல் மடிக்கிறதில கெட்டிக்காரி. அதில இருங்கோ.”

ஏசவில்லை. அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்பு இரண்டு வாரம் எனக்குச் செரிக்கவில்லை.

பிறகு ஒரு புதன்கிழமை மத்தியானம். எல்லாரும் போய்விட்டார்கள், ஆறையும் துடைத்து முடித்திருந்தேன். ஆறாவதில் ஏறிப் படுத்தேன். காலை நீட்டினேன், பலகை ஓடியது, ஸ்பிரிங் மெல்லத் திரும்ப இழுத்தது. ஐந்து வருடமாகக் காதால் கேட்டதெல்லாம் அப்போதுதான் முதுகுக்கு விளங்கியது. கண்ணை மூடிக்கொண்டிருந்ததால் மிஸ் ஜெஸ்மின் வந்ததைப் பார்க்கவில்லை.

“இறங்குங்கோ” என்றார். இறங்கினேன். அவர் என் கையிலிருந்த துணியை வாங்கி, நான் படுத்த பலகையைத் தன் கையாலேயே துடைத்தார். ஐந்து வருடத்தில் அவர் துடைத்து நான் பார்த்தது அன்று ஒரு தடவைதான். நாளைக்கு வரவேண்டாம் என்று அவர் சொன்னது அதற்குப் பிறகு. அது எனக்குச் சரியாகக் காதில் விழவும் இல்லை.

மண்டபத்து வகுப்பு அப்படித்தான் தொடங்கியது. கோபத்தில் தொடங்கிய வேலை என்று ஒப்புக்கொள்கிறேன். ரிஃபோர்மர் இல்லை, ஆனால் சைக்கிள் டியூப் இருந்தது. சன்னல் கம்பியில் கட்டி இழுத்தால் ஸ்பிரிங்குக்கு அது ஒன்றும் குறைவில்லை. பக்கத்துக் கடைக்கார வீட்டு ஹவ்வா உம்மா வந்து வாசலில் தயங்கி நின்றார். “மகள், நான் உள்ளுக்கு வந்தா பாதர் ஏசுவாரா?” என்று கேட்டார். மண்டபம்தானே உம்மா, வாங்க என்றேன். பாலம்மா அக்கா வந்தது மூன்றாவது வாரம். ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டத்தில் முப்பத்து நாலு வருடம் கொழுந்து பறித்துவிட்டு, அம்பிட்டியவில் மகள் வீட்டில் வந்து இருந்தார். வலது கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியாமல், கொண்டை போடுவதற்குக்கூட மகளைக் கூப்பிட வேண்டியிருந்தது. ஐந்தாவது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, தானே முடிந்த கொண்டையோடு வந்து, தலையைத் திருப்பிக் காட்டினார். நான் அழுதேன். வெட்கமெல்லாம் படவில்லை.

அந்தக் கிழமைதான் யாரோ வகுப்பைப் படம் எடுத்து முகநூலில் போட்டார்கள். பத்தாம் நாள் கடிதம் வந்தது.

சட்டத்தரணியின் கடிதம், பங்குத்தந்தை ஃபாதர் றொட்னியின் பெயருக்கு. பிலாட்டீஸ் என்ற பெயரையும் முறையையும் கண்டி மாவட்டத்தில் பயன்படுத்தும் உரிமை தன் கட்சிக்காரரான மிஸ் ஜெஸ்மினுக்கு மட்டுமே உண்டு. தகுதியற்ற ஒருவர் கோயில் மண்டபத்தில் அதை நடத்துகிறார். பதினான்கு நாளுக்குள் நிறுத்தாவிட்டால் கோயில்மீதும் வழக்கு வரும். ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பிறகு பங்குச் சபை கூடி முடிவெடுக்கும் என்றார்கள். மண்டபம் போனால் வகுப்பும் போச்சு. அம்பிட்டிய மலைச்சரிவில் ஒரு வீட்டு முற்றம் அடுத்த வீட்டுக் கூரைக்கு நேரே இருக்கும். இருபத்திரண்டு பாய் விரிக்கிற சமதரை அந்த மண்டபத்தை விட்டால் வேறு இல்லை.

எனக்கு மூன்று நாள் இருந்தது. கைத்தொலைபேசியில் அந்தக் கிழவரைத் தேடினேன். இங்கிலீஷ் எனக்குக் கல்லும் முள்ளும்தான், ஆனால் கோபம் வந்தால் அகராதி பார்க்கப் பொறுமை தானாக வருகிறது. முதலாவது உலகப் போரில் இங்கிலாந்தில் எதிரி நாட்டுக்காரன் என்று முள்ளுக்கம்பிக்குள் அடைக்கப்பட்ட ஜெர்மன்காரர் அவர். எழும்ப முடியாமல் கிடந்த நோயாளிகளின் கட்டிலில் ஸ்பிரிங்கைக் கட்டி, படுத்தபடியே கைகாலை அசைக்க வைத்தாராம். கதையில் கூடக்குறைய இருக்கலாம். ஆனால் ஏரிக்கு மேலே கண்ணாடிக்குள் இருக்கிற ரிஃபோர்மர், நோயாளிக் கட்டிலின் பேரப்பிள்ளை என்று எல்லாரும் ஒத்துக்கொள்கிறார்கள். அவர் பிறகு நியூயோர்க்கில் போய்க் கடை போட்டார், நடனக்காரர்கள் வந்தார்கள், பணக்காரர்கள் வந்தார்கள். அவர் செத்த பிறகு யார் உண்மையான வாரிசு என்று இழுபறி. அந்தப் பெயரைத் தன் சொத்தாகப் பதிந்து வைத்திருந்த ஒருவர், சொன்னவர்களுக்கெல்லாம் வக்கீல் கடிதம் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார். கடைசியில் இரண்டாயிரமாம் ஆண்டு ஒரு நீதிமன்றம் சொன்னது: யோகா, கராத்தே மாதிரி இதுவும் ஒரு பயிற்சியின் பெயர், எவருக்கும் சொந்தமில்லை.

அந்த வரியை நான் பஸ்ஸில் நின்றுகொண்டே வாசித்தேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சபைக்கு ஏழு கதிரை போட்டிருந்தார்கள். அழைக்காமலே இருபத்திரண்டு பெண்களும் வந்து சுவரோடு நின்றார்கள். ஹவ்வா உம்மா முன்வரிசையில். மிஸ் ஜெஸ்மினும் வந்திருந்தார், தூய வெள்ளை உடுப்பில். ஃபாதர் றொட்னி அவருக்குத் தன் கதிரையைக் கொடுத்தார்.

மரியநாயகம் மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழும்பினார். முகத்தில் என்றைக்கும் இல்லாத ஒரு களை. “இந்தக் கடிதத்தை நான் மூணு தடவை வாசிச்சேன். இதுல பிலாட்டீஸ்னு ஒரு விஷயத்தை நிப்பாட்டச் சொல்றாங்க. நம்ம மண்டபத்துல அப்படி ஒண்ணு நடக்கவே இல்லீங்க. பலகையைப் பாருங்க. நம்மகிட்ட நடக்கிறது பிலாத்து வகுப்பு. விசுவாசப் பிரமாணத்துல இருக்கிற பேரை எந்தக் கோர்ட்டும் தடுக்க முடியாது.”

மண்டபமே சிரித்தது. ஃபாதர் மேசையில் தட்டிச் சிரித்தார். மிஸ் ஜெஸ்மின்கூட ஒரு கணம் உதட்டைக் கடித்துக்கொண்டார். அவ்வளவுதான், வேலை முடிந்தது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் வகுப்பு தப்பியிருக்கும்.

என்னால் முடியவில்லை. ஒரு எழுத்துப் பிழைக்குப் பின்னால் ஒளிந்து நின்று பிழைப்பதென்றால், அந்தப் பெயர் எனக்கு உரியதில்லை என்று நானே கையெழுத்துப் போட்ட மாதிரி.

“மாஸ்டர், நீங்க எழுதினது பிழை” என்றேன்.

முப்பது வருடத்தில் அவரிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. சிரிப்பு நின்றது.

“அது பிலாத்து இல்லீங்க. பிலாட்டீஸ்தான். மிஸ் செய்யிற அதே பிலாட்டீஸ். பேர் யாருக்கும் சொந்தமில்லைன்னு தீர்ப்பு இருக்கு. இங்க இருக்கு, பாருங்க.” அச்செடுத்து வந்த தாளை ஃபாதரிடம் கொடுத்தேன்.

“அது அமெரிக்காவில” என்றார் மிஸ் ஜெஸ்மின்.

“அங்கதானே மிஸ் அந்தப் பேருக்குச் சண்டை புடிச்சாங்க. அங்கேயே சொந்தக்காரர் இல்லைன்னா, கண்டியில எப்படி சொந்தக்காரர் வந்தாங்க?”

அவர் முகம் சிவந்தது. “பேரை விடுங்கோ. இது ஆக்களின்ர முதுகெலும்பு. பிழையாச் செய்தால் ஆள் எழும்பாது. உங்களுக்கு ஆர் படிப்பிச்சது? உங்கட டீச்சர் ஆர்?”

அந்தக் கேள்வியில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். முதுகெலும்பு விளையாட்டில்லை. அதனால்தான் உண்மையைச் சொன்னேன்.

“நீங்கதான் மிஸ். அஞ்சு வருஷம். நீங்க அவங்களுக்குச் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் நான் கேட்டேன். நீங்க மூணாவது தலைமுறைன்னா நான் நாலாவது. நான் பிழைன்னா, உங்ககிட்ட படிச்சது பிழைன்னு ஆயிரும்.”

நான் நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. “பாலம்மா அக்கா ஒண்ணு செய்வாங்க. பார்த்துச் சொல்லுங்க. பிழைன்னு நீங்க சொன்னா, சபை முடிவெடுக்க வேணாம், நானே வகுப்பை நிப்பாட்டிடுறேன்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. என்னைத் துரத்தியவரின் நாக்கில் என் வகுப்பை வைத்துவிட்டேன். ஆனால் மிஸ் ஜெஸ்மினைப் பற்றி எனக்கு ஒன்று தெரியும். அவர் மனிதர்களைப் பிழையாக எடைபோடுவார். உடம்பைப் பிழையாகப் பார்த்ததே இல்லை.

பாலம்மா அக்கா கோயிலுக்கு உடுத்த சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பாயில் மல்லாந்து படுத்தார். கை இரண்டும் தலைக்கு மேலே. மூச்சை இழுத்து, கையை முன்னே கொண்டுவந்து, தலை, கழுத்து, தோள் என்று ஒவ்வொரு எலும்பாகத் தரையிலிருந்து உரித்தெடுத்து எழும்பினார். அவசரமில்லை, உந்தல் இல்லை. கால் பெருவிரலைத் தாண்டிக் கை போனது. பிறகு அதே மாதிரி ஒவ்வொரு எலும்பாகப் பாயில் வைத்து இறங்கினார். ரோல் அப் என்று அதற்குப் பெயர். ஏரிக்கு மேலே அதைப் பாதியில் விட்டவர்களை எனக்குத் தெரியும்.

மிஸ் ஜெஸ்மின் கதிரையிலிருந்து எழும்பி வந்தார். “இன்னொருக்காச் செய்யச் சொல்லுங்கோ” என்றார். பாயருகே முழந்தாளிட்டு, பாலம்மா அக்கா இறங்கும்போது இடுப்புக்கும் தரைக்கும் நடுவே இரண்டு விரலை விட்டுப் பார்த்தார். விரல் நுழையவில்லை.

“எத்தின வயசு?” என்று கேட்டார்.

“அம்பத்தெட்டுங்க” என்றார் பாலம்மா அக்கா படுத்தபடியே.

மிஸ் ஜெஸ்மின் விரலை எடுத்துக்கொண்டு எழும்பினார். பிறகு என்னைப் பார்க்காமல், சபையைப் பார்த்துச் சொன்னார்: “பிழை இல்லை.” கடிதத்தைத் திருப்பி எடுப்பதாகச் சொல்லிவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு போனார். வாசலில் ஒரு தடவை நின்று திரும்பினார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். “மூச்சு இன்னும் கொஞ்சம் பக்கவாட்டில போகோணும்” என்றார். அதுவும் சரிதான்.

ஃபாதர் றொட்னி எழும்பி, “பிலாத்து மாதிரி நான் கை கழுவ மாட்டேன். மண்டபம் உங்களுக்குத்தான்” என்றார். பெண்கள் போட்ட கூச்சல் கீழ்த் தெரு வரைக்கும் கேட்டிருக்கும். ஹவ்வா உம்மா என் இரண்டு கன்னத்தையும் பிடித்துக் கிள்ளி, “என்ட இடுப்புக்கு இனி ஒரு பயமும் இல்ல மகள்” என்றார். எனக்கு வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக இருந்ததில்லை. என் கலியாணத்தன்றும் இல்லை. மரியநாயகம் மாஸ்டர் மட்டும் ஈரத்துணியோடு பலகையடியில் நின்றார். பழையதை அழித்துவிட்டு, வெண்கட்டியைத் தூக்கியபடி என்னைத் திரும்பிப் பார்த்தார். “டியா, டீயா?” என்று கேட்டார். டீ, மாஸ்டர், நெடில் என்றேன்.

கதை அதோடு முடிந்திருந்தால் நான் என்னைப் பற்றி இன்னும் நல்லவிதமாக நினைத்துக்கொண்டிருப்பேன்.

இரண்டு மாதம் கழித்து, பாலம்மா அக்கா வியாழக்கிழமைகளில் வருவதை நிறுத்தினார். தன் பழைய தோட்டத்தில் அவரே வகுப்பு நடத்துகிறார் என்று ஹவ்வா உம்மாதான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. படித்தது ஏழெட்டு மாதம். மூச்சே இன்னும் சரியாக வராத ஆள், முப்பது பேரைப் படுக்க வைத்து ஏதாவது ஆகிவிட்டால்? அடுத்த வியாழன் என் வகுப்பைப் பெண்களிடம் ஒப்படைத்துவிட்டு, ஹுன்னஸ்கிரிய பஸ்ஸில் ஏறினேன். போகும்போதே சொல்லவேண்டியதை மனதுக்குள் அடுக்கினேன். அக்கா, இது எல்லாருக்கும் சரிவராது, விளங்குதா? வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப அதையே மெருகேற்றிக்கொண்டு போனேன். தெல்தெனிய தாண்டிய பிறகுதான் அது யாருடைய வசனம் என்று எனக்குப் பிடிபட்டது. இறங்கித் திரும்பிப் போகலாமா என்றுகூட நினைத்தேன்.

போகவில்லை. தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விடுகிற அந்த நீள அறையில், கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்த பெண்கள் சாக்கை விரித்துப் படுத்திருந்தார்கள். கால்களில் இன்னும் அட்டை கடிக்காமலிருக்கப் பூசிய சவர்க்காரம் காய்ந்திருந்தது. பாலம்மா அக்கா நடுவில் நடந்துகொண்டிருந்தார்.

“நெத்தியில கூடைக் கயிறு இழுக்குது இல்ல, அந்த இழுவையை நினைங்க. இப்ப கூடையை எறக்கி வையுங்க. மெதுவா. கொழுந்து சிந்தக் கூடாது.”

அறை முழுக்கக் கழுத்துகள் ஒரே நேரத்தில் இளகின. என் கண்ணால் பார்த்தேன். கழுத்தைத் தளரவிடுங்க, தளரவிடுங்க என்று எட்டு மாதமாக நான் கத்தியும் வராதது, மிஸ் ஜெஸ்மின் இங்கிலீஷில் பத்து விதமாகச் சொல்லியும் வராதது, ஒரு கூடையில் வந்துவிட்டது. நான் சொல்லிக் கொடுக்காத பாடம் அது. எனக்குத் தெரியவும் தெரியாது.

செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைசி வரிசையில் ஒரு சாக்கை விரித்துப் படுத்தேன். பாலம்மா அக்கா நடந்து வந்து என் தலைமாட்டில் நின்றார். என்னைக் கண்டு திகைத்திருப்பார், காட்டிக்கொள்ளவில்லை. குனிந்து, என் பிடரியில் இரண்டு விரலை வைத்துப் பார்த்தார்.

“டீச்சருக்குக் கழுத்து இறுகிப்போய்க் கிடக்கு” என்றார். “கூடையை எறக்குங்க.”

இறக்கினேன்.